வெதுவெதுப்பு போதும்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன், வெர்மான்ட், மாசசூசெட்ஸ் பக்கம் பழைய வீடு வாங்குகிறவர்களுக்குச் சில சமயம் வீட்டோடு சேர்த்து ஒரு புதிரும் கைமாறுகிறது. தெற்குப் பார்த்த கூரைச் சரிவில், கதவைவிடச் சற்றுப் பெரிதாக இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். அவற்றிலிருந்து இரண்டு செம்புக் குழாய்கள் சுவருக்குள் நுழைந்து நிலவறைக்கு இறங்குகின்றன. அங்கே ஆளுயரத்துக்கு ஒரு தொட்டி, சின்னதாக ஒரு பம்ப், சுவரில் சிவப்பு விளக்கு எரியும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. இது வேலை செய்கிறதா என்று கேட்டால் வீட்டை விற்றவருக்குத் தெரியாது. பொருத்திக் கொடுத்த நிறுவனம் மூடி எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

இப்படிப்பட்ட சூரிய வெந்நீர்க் கருவிகளில் பெரும்பகுதி ஒரே காலகட்டத்தைச் சேர்ந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1978இல் அமெரிக்க நாடாளுமன்றம் சூரிய சக்திக் கருவிகளுக்கு வரிச் சலுகை கொடுத்தது. 1980இல் அதை உயர்த்தி, செலவில் 40 சதவீதம், அதிகபட்சம் 4,000 டாலர் என்று ஆக்கினார்கள். சலுகை 1985 முடிவோடு காலாவதியானது. எண்ணெய் விலையும் சரிந்தது. சலுகையை நம்பிப் பிறந்த நிறுவனங்கள் அதோடு மறைந்துபோயின. கூரை மேல் ஏறிய பெட்டிகள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன.

அந்தக் காலத்தின் மிகப் பிரபலமான பெட்டிகள் வெள்ளை மாளிகையில் இருந்தன. 1979 ஜூன் 20 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெந்நீருக்கான 32 சூரியத் தகடுகளைத் திறந்துவைத்தார். 1986இல், ரீகன் ஆட்சியில், கூரை பழுதுபார்க்கும்போது கழற்றியவை திரும்ப ஏறவில்லை. கிடங்கில் கிடந்தவற்றை 1991இல் மெய்ன் மாநிலத்தின் யூனிட்டி கல்லூரி வாங்கிப்போய், சிலவற்றை உணவுக்கூடத்தின் கூரையில் ஏற்றி வெந்நீர் எடுத்தது. வாஷிங்டனில் வேண்டாம் என்று இறக்கியவை, அதைவிட மிகவும் குளிரான ஊரில் ஆண்டுக்கணக்கில் உழைத்தன. பழசு, அதிலும் பனி விழும் ஊர் என்ற இரண்டு காரணங்களைச் சொல்லி இந்தக் கருவிகளைக் கழித்துக்கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் மொட்டைமாடிகளில் இருக்கும் சோலார் ஹீட்டரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம்முடையதில் தொட்டி மேலே, குழாய்கள் கீழே. சூடான தண்ணீர் இலேசாகித் தானே மேலேறும். பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மெய்னில் தொட்டியை வெளியே வைத்தால் ஜனவரியில் பனிக்கட்டிதான் மிஞ்சும். அதனால் தொட்டி நிலவறைக்குப் போகிறது. சூடு மேலே, தொட்டி கீழே என்று ஆனதும் இயற்கை ஓட்டம் நின்றுவிடுகிறது, பம்ப் தேவைப்படுகிறது. பம்ப் எப்போது ஓட வேண்டும் என்று சொல்ல ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, அதற்குத் தகவல் சொல்ல மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வெப்ப உணரிகள். கூரையில் இருப்பது தொட்டியின் அடிப்பகுதியைவிட எட்டு, பத்து டிகிரி சூடானால் பம்ப் ஓடும். வித்தியாசம் இரண்டு, மூன்று டிகிரிக்குக் குறைந்தால் நிற்கும். கருவியின் மூளை இவ்வளவுதான்.

இனி உறைதல். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. மூடிய செம்புக் குழாய்க்குள் அந்த விரிவுக்கு இடமில்லை, குழாய் பிளக்கிறது. பிளந்தது அன்றைக்கே தெரியாது என்பது கூடுதல் கொடுமை. பனி இளகும் மத்தியானத்தில்தான் தண்ணீர் கொட்டும்.

இந்தப் பாடத்தை முதலில் கற்றது, வேடிக்கையாக, வெயில் ஊரான தெற்கு கலிஃபோர்னியா. அங்கே 1909இல் வில்லியம் பெய்லி என்பவர் தகட்டையும் தொட்டியையும் பிரித்து, இரவிலும் சூடு நிற்கும் வெந்நீர்க் கருவியை ‘டே அண்ட் நைட்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். 1913 ஜனவரியில் யாரும் எதிர்பாராத குளிர் அடித்து, வெப்பநிலை மைனஸ் 7 டிகிரிக்கு இறங்கியது. அவர் விற்ற கருவிகளின் குழாய்கள் வெடித்தன. பெய்லி கண்ட தீர்வு இன்றும் வழக்கில் இருக்கிறது: தகட்டுக்குள் குடிக்கும் தண்ணீரே போகக் கூடாது. தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த உறையாத திரவம் ஒரு மூடிய சுற்றில் ஓட வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாய் வழியாக அது சூட்டை மட்டும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

உறைவதற்குக் காற்று பூஜ்யம் டிகிரிக்கு இறங்கியாக வேண்டும் என்பதில்லை. மேகமில்லாத இரவில், வானத்தைப் பார்த்துக் கிடக்கும் எந்தப் பரப்பும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வானம் திருப்பிக் கொடுப்பது குறைவு. அதனால் பரப்பு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உதகையில் வெப்பமானி ஓரிரண்டு டிகிரி காட்டும் ஜனவரி விடியலில் புல்வெளி வெள்ளையாக உறைந்துகிடப்பது இதனால்தான். கூரைத் தகடும் அப்படியே: காற்று நான்கைந்து டிகிரியில் இருக்கும்போதே உள்ளே தண்ணீர் உறையலாம். ‘ராத்திரி பூஜ்யத்துக்குப் போகவில்லையே, எப்படி வெடித்தது?’ என்று திகைப்பவர்களுக்குப் பதில் வானத்தில் இருக்கிறது.

எண்பதுகளில் பொருத்தியவர்கள் எல்லோரும் பெய்லியைப் பின்பற்றவில்லை. சிலர் குளிர் வந்தால் பம்பை ஓட்டித் தொட்டியின் வெந்நீரைத் தகட்டுக்குள் சுற்றவிட்டார்கள். புயலில் மின்சாரம் போனால் இந்த ஏற்பாடு செத்தது. 1998 ஜனவரியில் பனிமழைப் புயல் மெய்ன் முதல் கியூபெக் வரை மின்கம்பிகளை முறித்துப்போட்டு, பல இடங்களை வாரக்கணக்கில் இருட்டில் வைத்தது. அப்படிப்பட்ட ஊரில் மின்சாரத்தை நம்பி உறைதலைத் தடுப்பது சூதாட்டம். வேறு சிலர், குளிரும்போது தானே திறந்து தகட்டின் தண்ணீரை வெளியேற்றும் வால்வுகளைப் பொருத்தினார்கள். உப்பு படிந்து வால்வு ஒரு நாள் திறக்க மறுக்கும். அந்த ஒரு நாள் போதும். இந்த இரண்டு வகையில் ஒன்றை யாராவது பனி ஊரில் மரபுரிமையாகப் பெற்றால், மாற்றிக் கட்டுங்கள் அல்லது கழற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மிஞ்சி நிற்பவை இரண்டு வகை. ஒன்றில் பம்ப் நின்றவுடன் தகட்டில் இருக்கும் தண்ணீர் முழுவதும் தன் எடையாலேயே நிலவறையில் உள்ள சிறு தொட்டிக்கு வடிந்துவிடும். காலித் தகட்டில் உறைய எதுவும் இல்லை. மின்சாரம் போனாலும் பம்ப் நிற்கும், தண்ணீர் இறங்கும். கோளாறே பாதுகாப்பாக மாறுகிறது. பொறியியலில் இவ்வளவு அழகான எளிமை அடிக்கடி கிடைப்பதில்லை. ஆனால் முதுமை இதையும் விடுவதில்லை. தண்ணீர் முழுக்க வடியக் குழாய்கள் மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டராவது சரிவாக இருக்க வேண்டும். நாற்பது வருடத்தில் கூரைச் சட்டம் வளைகிறது, தாங்கிகள் தளர்கின்றன, எங்கோ ஒரு முழத்துக்குக் குழாய் தொய்கிறது. அந்தத் தொய்வில் ஒரு டம்ளர் தண்ணீர் தங்கினால் போதும். இந்த வகையை வைத்திருப்பவர் இலையுதிர் காலத்தில் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு குழாய் வழியே போய்ப் பார்ப்பது, எந்த மின்னணுக் கருவியும் செய்யாத வேலை.

இன்னொன்று பெய்லியின் வாரிசு. ஆல்கஹாலுக்குப் பதில் இப்போது புரொப்பிலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். கசிந்து குடிநீரில் கலந்தால் ஆபத்து. புரொப்பிலீன் கிளைக்கால் உணவுப் பொருட்களில் சேர்க்கும் அளவுக்குச் சாது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் உறைநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகிறது. அதற்கும் கீழே போனால்கூட ஒரேயடியாகக் கல்லாவதில்லை. கூழ்போல் ஆகும், குழாய் பிழைக்கும்.

அப்படியானால் பழைய கிளைக்கால் கருவிகள் ஏன் குளிர்காலத்தில் சாகின்றன? காரணம் பெரும்பாலும் ஜூலை மாதத்தில் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு வீட்டார் ஊருக்குப் போகிறார்கள். வெந்நீரைப் பயன்படுத்த ஆள் இல்லை. தொட்டி உச்சச் சூட்டை எட்டியதும் கட்டுப்பாட்டுப் பெட்டி பம்பை நிறுத்திவிடுகிறது. திரவம் தகட்டிலேயே தேங்கி வேகிறது. தேங்கிய தகடு 150 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் கிளைக்கால் சிதைந்து கரிம அமிலங்களாக மாறுகிறது. அமிலத்தைச் சமன்செய்யச் சேர்த்திருக்கும் காப்பு வேதிப்பொருட்கள் மெல்லத் தீர்ந்துபோகின்றன. பிறகு அமிலம் செம்பைத் தின்னத் தொடங்குகிறது. திரவம் பழுப்பாகிக் கருகல் வாடை அடிக்கிறது. குறுகிய குழாய்களில் பிசின் படிகிறது. டிசம்பரில் பம்ப் சத்தம் கேட்கும், ஆனால் ஓட்டம் இருக்காது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவில்லை. ஒரு சொட்டுத் திரவத்தை ஒளிவிலகல்மானியில் விட்டால் உறைநிலை தெரியும். ஒரு லிட்மஸ் வகைத் தாளை நனைத்தால் அமிலத்தன்மை தெரியும். புதுத் திரவத்தின் பிஹெச் 9, 10 என்று இருக்கும்; 7க்குக் கீழே போனால் முழுவதையும் வடித்து, சுற்றைக் கழுவி, புதிதாக நிரப்ப வேண்டும். இரண்டு சோதனையும் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உறையாமல் தாங்கும் சக்தி அப்படியே இருக்க, திரவம் அமிலமாகிக் கிடப்பது சகஜம். ஒளிவிலகல்மானி அதைச் சொல்லாது.

இவ்வளவும் கருவி உயிரோடு இருப்பதற்கான ஏற்பாடு. அது உருப்படியாக வேலை செய்வது வேறு விஷயம். அங்கேதான் பெரும்பாலோர் தவறான கேள்வியைக் கேட்கிறார்கள். ‘இந்தக் குளிரில் குளிக்கிற அளவுக்குச் சூடாகுமா?’

பாஸ்டனில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 24 டிகிரி உயரத்தில் நிற்கிறது. பகல் ஒன்பது மணி நேரம்தான். இருந்தாலும், செங்குத்துக்குச் சற்று நெருக்கமாகச் சாய்த்துவைத்த தகட்டின் மேல் தெளிந்த நாளில் விழும் வெயில் அற்பமானதல்ல. சிக்கல் வெயில் வருவதில் இல்லை, சூட்டைத் தக்கவைப்பதில். தகட்டின் கணக்கை எம்.ஐ.டி.யில் ஹாய்ட் ஹாட்டெல் 1942இல் ஒழுங்குபடுத்தினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1939இல், அவர் குழு கேம்பிரிட்ஜில் சூரிய வெப்பத்தால் இயங்கும் சோதனை வீடே கட்டியிருந்தது. கணக்கின் சாரம் இது: தகட்டுக்குள் வருவது வெயிலைப் பொறுத்தது, வெளியே போவது, தகடு வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓட்டைக் குடத்தில் நீர்மட்டம் உயர உயர ஒழுகல் வேகம் கூடுவது போல.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். வெளியே மைனஸ் 5 டிகிரி. சதுர மீட்டருக்கு 700 வாட் வெயில். நல்ல பூச்சோடு இருக்கும் புதுத் தகடு, விழும் வெயிலில் 75 சதவீதத்தை உறிஞ்சி, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 4 வாட் இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி மங்கி, கறுப்புப் பூச்சு வெளுத்த பழைய தகடு 65 சதவீதம் உறிஞ்சி 6 வாட் இழக்கட்டும். தகட்டின் சராசரி வெப்பநிலை 50 டிகிரியாக இருக்கும்போது புதுசு 44 சதவீத வெயிலைச் சூடாக மாற்றும். பழசு 18 சதவீதம்தான். பாதிகூட இல்லை. அதே தகடுகளை 15 டிகிரியில் ஓட்டினால்? புதுசு 64, பழசு 48. முக்கால் பங்கு வந்துவிட்டது. மெல்லிய மேகம் மூடி வெயில் பாதியானால் வித்தியாசம் இன்னும் கூர்மை: 50 டிகிரியில் பழைய தகடு எதையும் தராது, 15 டிகிரியில் அப்போதும் 31 சதவீதம் தரும்.

அதாவது கிழட்டுத் தகட்டிடம் வெந்நீர் கேட்டால் கைவிரிக்கும்; வெதுவெதுப்பு கேட்டால் தாராளமாகத் தரும். வெதுவெதுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றால், அங்கே குளிர்காலக் குழாய்த் தண்ணீர் எந்த நிலையில் வருகிறது என்று பார்க்க வேண்டும். ஜனவரியில் தெருக்குழாய் நீர் ஐந்து டிகிரிக்கு அருகில் வரும். அதை 50க்கு ஏற்ற 45 டிகிரி வேலை இருக்கிறது. சூரியன் அதை 20க்குக் கொண்டுவந்தாலே வேலையில் மூன்றில் ஒரு பங்கு முடிந்தது. குளிர்காலத்தில் வரும் அந்த ஐஸ் தண்ணீர், தகட்டின் கண்ணோட்டத்தில் வரப்பிரசாதம்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் கருவியை ஓட்டும் விதமே மாறிவிடும். சூரியத் தொட்டி தனி, எரிவாயு அல்லது மின்சாரத் தொட்டி தனி; முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தண்ணீர் போகும்படி வரிசையாக இணைப்பார்கள். ஒரே தொட்டிதான் என்றால், கீழே உள்ள மின்சூடேற்றியைத் துண்டித்துவிட்டு மேலே உள்ளதை மட்டும் விடுவார்கள். கீழ்ச்சூடேற்றி இணைப்பில் இருந்தால் நள்ளிரவில் மின்சாரம் தொட்டி முழுவதையும் சூடாக்கிவிடும். காலையில் சூரியன் வரும்போது அதற்கு வேலை இருக்காது. வருடக்கணக்கில் ‘சோலார் உபயோகமில்லை’ என்று புலம்பிய வீடுகளில் குற்றவாளி இந்த ஒரு இணைப்பாக இருந்திருக்கிறது. துணி துவைப்பது, குளிப்பதெல்லாம் சூரியன் மேலேறும் முன் நடந்தால் இன்னும் நல்லது. தொட்டியில் பச்சைத்தண்ணீர் நிறைந்து, தகட்டுக்கு இலகுவான வேலை கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. 20 முதல் 45 டிகிரி வரை, நுரையீரலைத் தாக்கக்கூடிய லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவுக்குப் பிடித்தமான வெப்பநிலை. ஆகவே வெதுவெதுப்பான நீர் நேராகக் குளியலறைக்குப் போகக் கூடாது. இரண்டாவது தொட்டி 60 டிகிரியில் இருக்க வேண்டும். வெளியேறும் இடத்தில் ஒரு கலப்பு வால்வு அதைக் கை சுடாத அளவுக்குத் தணிக்க வேண்டும். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்த 60ஐக் குறைப்பவர் தப்பான இடத்தில் சிக்கனம் பார்க்கிறார்.

பனி மூடினால்? நல்ல சாய்வில் உள்ள கண்ணாடியிலிருந்து பெரும்பாலும் தானே சரிந்துவிடும். கீழ் விளிம்புக்கு அடியில் விழ இடம் இருந்தால் சரி. பிடிவாதமாக நின்றால் சிலர் பம்பைச் சற்று நேரம் கையால் ஓட்டி, தொட்டியின் சூட்டை மேலே அனுப்புகிறார்கள். வீண் செலவா? ஐந்து சென்டிமீட்டர் புதுப்பனி ஆறு சதுர மீட்டரில் சுமார் 30 கிலோ. அத்தனையும் உருக ஏறத்தாழ 2.8 கிலோவாட் மணி வேண்டும். 300 லிட்டர் தொட்டி எட்டு டிகிரி இறங்கும். ஆனால் அத்தனையும் உருக வேண்டியதில்லை. கண்ணாடியை ஒட்டிய மெல்லிய படலம் நனைந்தால் மீதி வழுக்கிப் போகும். மேலே நீல வானம் இருந்தால் போட்டது ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும். மூட்டமான நாளில் செய்வது மட்டும் முட்டாள்தனம்.

பழைய கருவியின் மற்ற நோய்களில் இரண்டு, கண்டுபிடிக்கச் சுவாரசியமானவை. முதலாவது உணரி. இந்த வகை உணரியின் மின்தடை குளிரக் குளிரக் கூடும். 25 டிகிரியில் 10,000 ஓம் என்றால் பூஜ்யத்தில் 30,000ஐத் தாண்டும். கூரையில் வெயிலிலும் பனியிலும் கிடந்த கம்பி அறுந்துபோனால் தடை எல்லையற்றதாகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி அதை ‘கூரையில் பயங்கரக் குளிர்’ என்று படித்து பம்பை ஓட்டவே ஓட்டாது. மாறாக, கம்பிகள் ஒன்றோடொன்று உரசி ஒட்டிக்கொண்டால் தடை பூஜ்யம். ‘கூரை கொதிக்கிறது’ என்று நம்பி இராப்பகலாக பம்பை ஓட்டும். ஜனவரி நள்ளிரவில், பகலெல்லாம் சேர்த்த சூடு முழுவதும் வானத்துக்குப் போகும்.

இரண்டாவது நோய் பம்ப் நின்றிருக்கும்போதே வரும். இரவில் தகட்டில் குளிர்ந்த திரவம் கனமாகிக் கீழே இறங்கப் பார்க்கும். தொட்டியின் சூடு இலேசாகி மேலே ஏறப் பார்க்கும். தடுக்க ஒருவழி வால்வு இருக்கிறது. அதன் வாயில் ஒரு துணுக்கு ஈயமோ செதிலோ சிக்கினால் வால்வு முழுக்க மூடாது. பற்றவைத்த குழாய்களில் இப்படிப்பட்ட துணுக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஓசையில்லாமல் விடிய விடிய சூடு கசியும். இரவு பத்து மணிக்கு நிலவறைக்குப் போய், கூரைக்கு ஏறும் குழாயைத் தொட்டியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளித் தொட்டுப் பார்த்தால் போதும். இளஞ்சூடாக இருந்தால் வால்வு கசிகிறது. மூடிய சுற்றில் அழுத்தமானி இறங்கிக்கொண்டே போனால் விரிவுத் தொட்டியைப் பார்க்க வேண்டும்: அதன் காற்று வால்வை ஒரு கணம் அழுத்தினால் காற்றுக்குப் பதில் திரவம் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துவிட்டது.

செம்புத் தகடுகள் நாற்பது வருடம் தாங்குவதில் வியப்பில்லை. முதலில் போவது தொட்டி. உள்பக்கம் கண்ணாடிப் பூச்சுள்ள எஃகுத் தொட்டிக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று தொங்குகிறது. எஃகுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தொட்டியைக் காப்பாற்றும். கம்பி தீர்ந்ததை யாரும் கவனிக்காவிட்டால் அடுத்தது தொட்டியின் முறை. நிலவறையில் தண்ணீர் தேங்கியதைப் பார்த்ததும் பிளம்பர் ‘எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள்’ என்பார். தேய்ந்த கம்பியை மாற்றாததற்காகக் கூரையில் நன்றாக இருக்கும் செம்பைக் கழற்றுவது நியாயமில்லை.

ஆனால் இன்று மெய்னில் ஒருவர் புதிதாக இப்படி ஒரு கருவி போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். சூரிய மின்தகடுகளின் விலை இறங்கிவிட்டது. காற்றின் சூட்டை இறைத்துத் தண்ணீரைச் சூடாக்கும் வெப்ப பம்ப், ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டு மூன்று பங்கு சூடு தருகிறது. மின்கம்பி உறைவதில்லை. ஏற்கெனவே கூரையில் இருப்பதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தகட்டில் கசிவு இல்லை, திரவம் சுத்தம், தொட்டி மட்டும் போய்விட்டது என்றால், அந்த இடத்தில் வெப்ப பம்ப் தொட்டியை வைத்து, அதற்கு முன்னால் சுருள் குழாயுள்ள சாதாரணத் தொட்டி ஒன்றில் பழைய தகட்டை இணைத்துவிடலாம். தகடு ஐந்தை இருபது ஆக்கும், மீதியை வெப்ப பம்ப் பார்த்துக்கொள்ளும். தகட்டின் செம்பே விரிசல் விட்டு, பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி கசியத் தொடங்கினால், அடுத்த பனிக்காலத்துக்குக் காத்திருக்காமல், கூரையில் ஏறுவது எளிதாக இருக்கும் செப்டம்பரிலேயே இறக்கிவிடுவது நல்லது. திரவத்தை வாளியில் வடித்து, கூரைத் துளைகளை அடைத்து, செம்பைப் பழைய உலோகக் கடையில் எடைக்குப் போட்டால், அடைக்க வந்தவரின் கூலியில் ஒரு பகுதியாவது தேறும்.